தராசில் ஏறும் முன்: அமெரிக்கச் சிறுவர் ஃபுட்பால் லீக்குகளின் வயது, எடை விதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை காலை. மைதானத்து ஓரத்தில் ஒரு மடக்கு மேசை, அதன்மேல் தடித்த கோப்பு ஒன்று, பக்கத்தில் எடை இயந்திரம். அரைக்கால் சட்டையும் பனியனுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்காவில் மகனைச் சிறுவர் ஃபுட்பாலில் சேர்க்கும் தமிழ்க் குடும்பம் எதுவானாலும் பெரும்பாலும் இந்த வரிசையைக் கடந்தே ஆக வேண்டும். என் மகன் முதன்முதலாக அதில் நின்றபோது எனக்கு விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும். அதனால் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். எழுத எழுத, புதிதாக வரும் பெற்றோருக்கு மற்ற படிகளையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இங்கே ஃபுட்பால் என்றால் நாம் ஊரில் ஆடிய கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுபவனை எதிரணியினர் உடலால் மோதி வீழ்த்தும் ஆட்டம். அந்த மோதலுக்கு டேக்கிள் என்று பெயர். வயது, எடை பற்றிய விதிகள் எல்லாம் இந்த ஒரு சொல்லிலிருந்தே பிறக்கின்றன.

ஆண்பிள்ளைகளின் உயரம் மிக வேகமாக ஏறும் காலம் சராசரியாகப் பதின்மூன்றரை வயதை ஒட்டி வருகிறது. சராசரி என்றுதான் சொல்கிறேன். ஒருவனுக்குப் பதினொன்றிலேயே தோள் விரிந்து குரல் உடையத் தொடங்கிவிடும். அதே வகுப்பில் படிக்கும் இன்னொருவன் பதினைந்து வயதிலும் சிறுபிள்ளையாகவே தெரிவான். இருவருக்கும் வயது பன்னிரண்டு, ஒருவன் 75 பவுண்டு, மற்றவன் 140 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முழு ஓட்டத்தில் மோதினால் என்ன ஆகும் என்று எந்தத் தாய்க்கும் விளக்க வேண்டியதில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சிறுவர் ரக்பியையும் எடைப் பிரிவு வைத்தே ஆடுகிறார்கள். அங்கேயும் இதே கவலைதான்.

அமெரிக்காவில் இத்தகைய அமைப்புகளில் மிகப் பழையது பாப் வார்னர். 1929-இல் பிலடெல்பியாவில் ஒரு தொழிற்சாலையின் சன்னல்களைப் பையன்கள் கல்லெறிந்து உடைத்துக்கொண்டே இருக்க, அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்போம் என்று ஜோ டாம்லின் என்பவர் நான்கு அணிகளோடு ஒரு லீக்கைத் தொடங்கினார். 1934-இல் டெம்பிள் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாப் வார்னரின் பெயர் அதற்கு வந்தது. வயதையும் எடையையும் சேர்த்துப் பிரிவு வகுக்கும் முறை இந்த அமைப்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

முதல் படி: உங்கள் லீக் எந்த வகை என்று கேளுங்கள்

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலான பெற்றோர், நானும்தான், பணம் கட்டிய பிறகே கேட்கிறோம்.

முதல் வகை, வயதும் எடையும் சேர்ந்தது. பாப் வார்னரில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த பீ-வீ பிரிவை எடுத்துக்கொள்வோம். 9 முதல் 11 வயது வரை. எடை 75 முதல் 120 பவுண்டு, அதாவது 34 கிலோவிலிருந்து 54 கிலோ வரை. கீழ் எல்லை இருப்பதைக் கவனியுங்கள். நம் பிள்ளைகள் பலர் மேல் எல்லையைத் தாண்டி மாட்டுவதைவிடக் கீழ் எல்லையை எட்டாமல் மாட்டுவதே அதிகம் என்பது நான் பழகிய குடும்பங்களில் கண்டது.

இதே பிரிவில் ஒரு நல்ல சலுகையும் இருந்தது. 12 வயதுப் பையன் 100 பவுண்டுக்குள் இருந்தால் அவனும் ஆடலாம். இதைப் 'பெரியவன், ஆனால் இலேசானவன்' விதி என்று சொல்லலாம். அதற்குக் கீழே இருந்த ஜூனியர் பீ-வீயில் 8 முதல் 10 வயது, 60 முதல் 105 பவுண்டு. 11 வயதுப் பையனுக்கு 85 பவுண்டு வரை. தாமதமாக வளரும் பிள்ளைக்கு இது பெரிய வரம். வயதுக்கு ஏற்ற பிரிவில் அடிபட்டுக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, உடலுக்கு ஏற்ற பிரிவில் அவன் விளையாட்டைக் கற்றுக்கொள்ளலாம்.

2019-இல் பாப் வார்னர் பழைய பெயர்களை விட்டுவிட்டு 6யு, 8யு, 10யு, 12யு, 14யு என்று வயதை ஒட்டிய பெயர்களுக்கு மாறியது. இங்கே நம்மவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். இந்தியாவில் பதின்மூன்றுக்கு உட்பட்டோர் என்றால் பதின்மூன்று நிறையாதவர்கள். இங்கே 10யு என்பது பொதுவாகப் 'பத்தும் அதற்குக் கீழும்'. பத்து வயதுப் பையன் அதில் சேர்த்தி.

இரண்டாம் வகை, வயது மட்டும். எடைக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் உள்ளூர் லீக்குகள் பலவற்றில் குறிப்பிட்ட எடைக்கு மேல் இருக்கும் பிள்ளையின் ஹெல்மெட்டில் ஒரு பட்டையோ ஒட்டுவில்லையோ போட்டுவிடுவார்கள். பட்டை போட்டவன் முன்வரிசையில் நின்று தடுக்கலாம், தாக்கலாம். பந்தை ஏந்தி ஓடக் கூடாது. தவறிப் பந்து அவன் கையில் விழுந்தால் ஆட்டம் அங்கேயே நிறுத்தப்படும். சில இடங்களில் இவர்களை எக்ஸ்-மேன் என்று அழைக்கிறார்கள். கனத்த பிள்ளையை வெளியே தள்ளாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும் வழி இது, அதனால் எனக்குப் பிடிக்கும். ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள்: உங்கள் மகன் பந்தோடு ஓடும் கனவில் இருந்தால், பட்டை விழும் எடை எது என்பதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மைதானத்தில் நண்பர்கள் முன்னிலையில் அவன் அதை முதன்முதலாகக் கேட்கக் கூடாது.

மூன்றாம் வகை, பள்ளி வகுப்பை வைத்துப் பிரிப்பது. ஒரே வகுப்பு நண்பர்கள் ஒரே அணி. மழலை வகுப்பில் ஓராண்டு தாமதமாகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் இதில் வயதில் மூத்தவர்களாக இருப்பார்கள் என்பதால், வகுப்போடு வயது உச்சவரம்பும் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அமெரிக்கன் யூத் ஃபுட்பால் என்னும் நாடு தழுவிய அமைப்பு எடை வரம்புள்ள பிரிவு, வரம்பில்லாத பிரிவு இரண்டையுமே நடத்துகிறது. ஆகவே அமைப்பின் பெயரை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. உங்கள் ஊர்க் கிளையின் இந்த ஆண்டு விதிப்புத்தகத்தைக் கையில் வாங்குங்கள். எடை எண்கள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை.

இடுப்பில் தொங்கும் நாடாவைப் பறித்தாலே போதும் என்ற ஃபிளாக் ஃபுட்பாலில் மோதல் இல்லாததால் பொதுவாக எடை விதியும் இல்லை. ஆறேழு வயதுப் பிள்ளையை அங்கே தொடங்குவதே சரி என்பது என் எண்ணம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாதமியும் 2015-இல் டேக்கிள் இல்லாத லீக்குகளைப் பெருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது.

இரண்டாம் படி: 'லீக் வயது' கணக்கிடுங்கள்

பிள்ளையின் இன்றைய வயது இங்கே பயன்படாது. ஒரு குறிப்பிட்ட நாளில் அவனுக்கு எத்தனை வயது என்பதே கணக்கு. பாப் வார்னரில் அந்த நாள் ஜூலை 31. வேறு லீக்குகளில் வேறு நாள் இருக்கலாம்.

2014 ஜூலை 30-இல் பிறந்தவனுக்கு 2025 பருவத்தில் லீக் வயது 11. அதே ஆண்டு ஆகஸ்ட் 5-இல் பிறந்தவனுக்கு 10. ஆறு நாள் இடைவெளியில் ஒரு முழுப் பிரிவே மாறிவிடலாம்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கென்றே காத்திருக்கும் ஒரு பள்ளம் உண்டு. இந்தியப் பிறப்புச் சான்றிதழில் 05/08/2014 என்று இருந்தால் அது ஆகஸ்ட் 5. அமெரிக்கர் ஒருவர் அதை மே 8 என்றே வாசிப்பார். வாசித்த கையோடு பிள்ளைக்கு லீக் வயது 11 என்று எழுதிவிடுவார். வயது கூடினால் எடை வரம்பும் மாறுகிறது, பிரிவும் மாறுகிறது. விண்ணப்பத்தில் மாதத்தை எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுதுங்கள். மேசையில் சான்றிதழை நீட்டும்போது வாயாலும் ஒருமுறை சொல்லுங்கள். பன்னிரண்டாம் தேதிக்குள் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் இதை மறக்கவே கூடாது. பதின்மூன்றாம் தேதிக்கு மேல் என்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் தப்பித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: காகிதங்கள்

ஒவ்வொரு அணிக்கும் ஒரு கோப்பு உண்டு. பயிற்சியாளர்கள் அதை 'புக்' என்றே சொல்வார்கள். பருவம் தொடங்கும் முன் லீக் அதிகாரிகள் அதைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து முத்திரையிடுவார்கள். உங்கள் மகனின் பக்கத்தில் ஒரு தாள் குறைந்தாலும் அவன் ஆட முடியாது.

வழக்கமாகக் கேட்பவை இவை: பிறப்புச் சான்றிதழ், மருத்துவரின் உடல் தகுதிச் சான்று, பெற்றோர் ஒப்புதல், வசிப்பிடத்துக்கு ஒரு மின்கட்டண ரசீது போன்ற ஆதாரம், மூளை அதிர்ச்சி பற்றிய தகவல் தாளில் கையெழுத்து. பாப் வார்னரில் பள்ளி மதிப்பெண் அட்டையும் வேண்டும். 70 விழுக்காடோ, 4-க்கு 2.0 சராசரியோ இருக்க வேண்டும். நம் வீடுகளில் இது ஒரு தடையாக இராது. உடல் தகுதிச் சான்று அந்த ஆண்டு ஜனவரி 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். டிசம்பரில் வாங்கி வைத்தால் செல்லாது.

மருத்துவமனையில் குழந்தையின் பாதத் தடம் பதித்துக் கொடுக்கும் அழகான அட்டை சான்றிதழாகாது. மாநில, மாவட்டப் பதிவாளர் தரும் சான்றளித்த நகலே செல்லும்.

ஊரில் பிறந்த பிள்ளைக்குப் பெயரில்தான் சிக்கல். சான்றிதழில் 'கவின்' என்று மட்டும் இருக்கும், அப்பா பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முதற்பெயருக்குப் பதில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்துவிடும். பள்ளியில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்திருப்பார்கள். ஆக மூன்று தாளில் மூன்று பெயர். வயதை மறைக்க வேறொரு பிள்ளையின் சான்றிதழைக் கொண்டுவருகிறார்களோ என்று அதிகாரி நினைத்தால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. 2001-இல் சிறுவர் பேஸ்பால் உலகத் தொடரில் நியூயார்க்கின் பிராங்ஸ் அணிக்காகப் பந்து வீசிய சிறுவனுக்குப் பன்னிரண்டு அல்ல, பதினான்கு வயது என்று தெரியவந்து, அந்த அணியின் வெற்றிகள் எல்லாம் பறிக்கப்பட்டன. அதை மறக்காத நாடு இது.

எனவே சான்றிதழ், பாஸ்போர்ட், பள்ளிப் பதிவு மூன்றையும் ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள். தமிழர் பெயரிடும் முறையை நான்கு வரியில் விளக்கி ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு இணையுங்கள். பதிவுக்காலம் தொடங்கியதுமே போய்விட்டால் பொறுமையாகக் கேட்பார்கள்; கடைசி நாளில் யாருக்கும் பொறுமை இருக்காது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே பதியப்படாமல் இருந்தால், பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் ஊரில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் கோடை விடுமுறைக்குப் போகும்போதே முடித்துவிடுங்கள்.

நான்காம் படி: ஏப்ரலிலேயே எடை பாருங்கள்

ஆகஸ்டில் எடை பார்த்துவிட்டு ஆகஸ்டிலேயே பதறக் கூடாது. ஏப்ரலில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை பாருங்கள். காலையில், மெல்லிய உடையோடு, ஒரே இயந்திரத்தில். கிலோவில் காட்டினால் 2.2-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், எல்லையை ஒட்டி இருந்தால் இயந்திரத்தையே பவுண்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

வளரும் வயதில் கோடைக்குள் சில பவுண்டு கூடுவது இயல்பு. ஏப்ரலில் 115 பவுண்டு இருந்து வரம்பு 120 என்றால், அவன் வரம்புக்குள் இருக்கிறான் என்று எண்ணாதீர்கள். எல்லையில் நிற்கிறான் என்று எண்ணுங்கள். அப்போதே லீக்கிடம் மேல் பிரிவைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

எடை பார்க்கும்போது ஹெல்மெட், தோள்காப்பு உண்டா இல்லையா என்பது லீக்குக்கு லீக் மாறும். கேட்டுவிடுங்கள். சில பவுண்டு வித்தியாசம் அதிலேயே போய்விடும்.

ஐந்தாம் படி: எல்லையைத் தாண்டிவிட்டால்

என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. வரம்பு 120. எடை பார்க்கும் நாளுக்கு முந்திய மாலை வீட்டில் 122 காட்டியது. பயிற்சியாளர்களில் ஒருவர் தொலைபேசியில், "இரண்டு பவுண்டுதானே, இரவு சாப்பாட்டை விட்டுவிடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், காலையில் தடித்த சட்டை போட்டு நாலு சுற்று ஓடவிடுங்கள்" என்றார். நல்ல மனிதர், பிள்ளைகள்மேல் பாசமுள்ளவர். அவர் சொன்னதை நான் செய்தேன். காலையில் தராசு 120-ஐக் காட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். என் மகன் தராசிலிருந்து இறங்கி வந்து கேட்ட முதல் கேள்வி, "அப்பா, இப்போது தண்ணீர் குடிக்கலாமா?"

அன்று மாலைப் பயிற்சியில் அவன் வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். நிழலில் படுக்கவைத்து, ஐஸ் நீரில் நனைத்த துண்டைச் சுற்றி, தண்ணீர் கொடுத்து மீட்டார்கள். அந்தக் கேள்வியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். எடை நாளுக்காகப் பிள்ளையின் தண்ணீரை நிறுத்தாதீர்கள். பிளாஸ்டிக் உடை, வியர்வைக் குளியல், பட்டினி எதுவும் வேண்டாம். இரண்டு நாளில் இறங்கும் எடை பெரும்பாலும் நீர்தான். ஆகஸ்ட் வெயிலில் தோள்காப்பு அணிந்து ஓடும் உடலுக்கு அந்த நீர்தான் காப்பு. 1997-இன் கடைசி வாரங்களில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இப்படி அவசரமாக எடை குறைக்க முயன்றபோது இறந்தார்கள். வளர்ந்த, பயிற்சி பெற்ற இளைஞர்கள் அவர்கள். அதன் பிறகு கல்லூரி மல்யுத்தத்தின் எடை விதிகளே திருத்தி எழுதப்பட்டன.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பல லீக்குகளில் பருவத் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் ஆட்டங்களுக்கு முன்னும் எடை பார்ப்பார்கள். ஒருமுறை ஏமாற்றிவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏமாற்ற வேண்டியிருக்கும்.

வேறு வழிகள் இருக்கின்றன. மேல் பிரிவில் ஆடலாம். வயதில் சற்று மூத்தவர்களோடு ஆடுவதைப் பெரும்பாலான லீக்குகள் வரம்புக்குட்பட்டு அனுமதிக்கின்றன, கீழே இறங்கி ஆடுவதைத்தான் தடுக்கின்றன. மேலே அனுப்பும் முன் அந்த அணியின் பயிற்சியை இரண்டு நாள் நின்று பாருங்கள். எடை ஒத்திருந்தாலும் வேகமும் முரட்டுத்தனமும் வேறாக இருக்கும். உங்கள் மகன் கனமானவன், ஆனால் இன்னும் சிறுபிள்ளை என்றால் பட்டை போடும் லீக்கே அவனுக்கு நல்லது. வகுப்பு அடிப்படையிலான லீக் அருகில் இருந்தால் அங்கே பெரும்பாலும் எடையைக் கேட்க மாட்டார்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் ஓராண்டு ஃபிளாக்.

நான் அடுத்த ஆண்டு மகனை மேல் பிரிவுக்கு மாற்றினேன். முதல் மூன்று வாரம் அவனுக்குக் கடினமாக இருந்தது. நான்காம் வாரம் இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது தோசை கேட்டான், கொடுத்தேன்.

பிள்ளையின் எடை உடல்நலத்தின் பொருட்டே குறைய வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் அது தனி வேலை. மாதக்கணக்கில், உணவும் உறக்கமும் சேர்ந்து நடக்க வேண்டியது. அதை ஃபுட்பால் நாட்காட்டியோடு கட்டாதீர்கள்.

ஆறாம் படி: எடை போதவில்லை என்றால்

மெலிந்த பிள்ளையின் பெற்றோர் செய்யும் தவறு வேறு மாதிரி. சட்டைப் பையில் நாணயம், தராசுக்கு முன் ஒரு லிட்டர் தண்ணீர். இதுவும் ஆபத்தே, கீழ் எல்லை அவனைக் காக்கவே வைக்கப்பட்டிருக்கிறது. இலேசான மூத்த பிள்ளைக்கான சலுகை உங்கள் லீக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். சலுகையில் இறங்கி ஆடும் பிள்ளைக்கு மேல் எடை வரம்பு இறுக்கமானது என்பதையும் நினைவில் வையுங்கள். பருவத்தின் நடுவில் வளர்ச்சி தொடங்கினால் அந்த எல்லையை அவன் எளிதில் தாண்டிவிடுவான்.

ஏழாம் படி: எடை நாளும் அதற்குப் பிறகும்

வழக்கம்போலக் காலை உணவு கொடுங்கள். மகனின் எடையைப் பலர் முன்னிலையில் உரக்கப் படிக்க வேண்டாம் என்று அதிகாரியிடம் மெதுவாகக் கேட்கலாம். நான் கேட்ட இடங்களில் யாரும் மறுத்ததில்லை. தாளில் எழுதிய எண்ணையும் பிறந்த தேதியையும் நீங்களே வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். இயந்திரத்தில் சந்தேகம் இருந்தால் இறங்கி மறுபடி ஏறிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

பிள்ளைகள் வளர்வார்கள் என்பதை லீக்குகளும் அறியும். வாரத்துக்கு ஒரு பவுண்டு என்ற வகையில் பருவம் போகப்போக வரம்பை உயர்த்திக் கொடுக்கும் முறை பாப் வார்னர் போன்ற அமைப்புகளில் இருந்துவருகிறது. உங்கள் லீக்கில் அது எந்த வாரத்தில் தொடங்குகிறது, எத்தனை பவுண்டில் நிற்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிரணிப் பெற்றோர் ஒருவர் உங்கள் மகனின் வயதைச் சந்தேகித்து முறையிடலாம். உயரமான பிள்ளைகளுக்கு இது நடக்கும். கோபம் வரும், ஆனால் பதில் கோப்பில் இருக்கிறது. பிள்ளையைக் காட்டி வாதாடாமல், தாளைக் காட்டும்படி பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள். மகனை அந்தப் பேச்சிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

எடை ஒத்துப்போனதாலேயே ஆட்டம் பாதுகாப்பானதாகிவிடாது. பயிற்சியில் எவ்வளவு நேரம் மோதல் என்று கேளுங்கள். பாப் வார்னர் 2016-இல் மோதல் பயிற்சியை மொத்த நேரத்தில் நான்கில் ஒரு பங்காகக் குறைத்தது; அதே ஆண்டு இளைய பிரிவுகளில் கிக்காஃபையே, அதாவது பந்தை எதிரணியிடம் உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவதையே, நீக்கியது. கலிபோர்னியாவில் 2021 முதல் சட்டமே இருக்கிறது: வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் முழு மோதல் பயிற்சி கூடாது, ஒரு நாளில் 30 நிமிடத்துக்கு மேலும் கூடாது. உங்கள் மாநிலத்தில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் இந்த எண்களைப் பயிற்சியாளரிடம் சொல்லி, "நம் அணியில் எப்படி?" என்று கேட்கலாம்.

பருவம் முடிந்ததும் கோப்பிலிருந்து உங்கள் மூலச் சான்றிதழைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அடுத்த வசந்தத்தில் லீக் வயதை மறுபடியும் கணக்கிட்டு, தராசை மறுபடியும் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.